முகத்துக்கு வராத குத்து

கராத்தே வகுப்பில் ஜோடி சேர்ந்து பழகும்போது ஒரு முறை உண்டு. குத்தப்போகிறவர் எங்கே குத்தப்போகிறார் என்பதை முதலில் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். "முகம்" என்று சொன்னால் முகத்துக்குத்தான், மூக்கைப் பார்த்து நேராக. எதிரே நிற்பவர் முன்னங்கையை மேலே ஏற்றி, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி, வருகிற கையைத் தட்டிவிட வேண்டும். இதை நாங்கள் பிளாக் என்போம். பிளாக் தவறினால் பட்டுக்கொள்ள வேண்டியதுதான். பட்டால்தான் கைக்குப் புத்தி வரும் என்பார் மாஸ்டர்.

எனக்கு அந்தப் புத்தி தேவைப்பட்டது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறேன். பகல் ஷிஃப்ட் முடிந்து காம்பவுண்டுச் சுவரை ஒட்டின சந்து வழியாக வரும்போது, பைக்கில் வந்த ஒருவன் என் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். பட்டப்பகல். என் கைகள் இரண்டும் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. கழுத்துக் காயம் ஆறிவிட்டது. கை எழும்பவே இல்லையே என்ற ஆத்திரம் ஆறவில்லை. அதன் பிறகு அந்தச் சந்தை விட்டுவிட்டு மார்க்கெட் வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

அப்படித்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நடுவே வெள்ளை யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. துணைக்குத் தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னார். என் நாத்தனாருக்கு அடுத்த தெருதான் வீடு. என்னைவிட இரண்டு வயது இளையவள். எனக்கும் அவளுக்கும் ஒளிவு மறைவே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு வருஷம் அவளும் நானும்தான் ஜோடி. நான் "முகம்" என்றால் என் குத்து முகத்துக்குத்தான் போகும். அவள் முன்னங்கை இரண்டும் கன்றிப்போய்க் கிடக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு சிரிப்பாள். என் கையில் ஒரு தடம் கிடையாது. என் பிளாக் அம்புட்டு சுத்தம் என்று எனக்குள் ஒரே பெருமை. மாஸ்டரும் "சூப்பர்மா" என்பார். போன வருஷத்திலிருந்து சுற்று வழியை விட்டுவிட்டு மறுபடியும் அந்தச் சந்து வழியாகவே வர ஆரம்பித்தேன். எவன் வந்தாலும் வரட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவேன்.

போன மாசம் முதல் தடவையாக வெளியூரில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெல்ட் தேர்வு நடந்தது. அங்கே ஜோடியை மாற்றிவிடுவார்கள். வேறு ஊர்க்காரர்களோடுதான் நிற்க வேண்டும். எனக்கு வாய்த்தது வத்திராயிருப்பிலிருந்து வந்த ஒரு காலேஜ் பெண், காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போல இருந்தாள். "முகம்" என்றாள். வாயில் ரத்தம் கரித்த பிறகுதான் குத்திவிட்டாள் என்பதே எனக்குத் தெரிந்தது. என் கை அப்போதுதான் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. அடுத்த குத்துக்கும் அதே கதைதான். தேர்வாளர் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து "ஸாரிக்கா, ஸாரிக்கா" என்று அழாத குறையாகக் கெஞ்சினாள். பாவம், அவள் ஒழுங்காகத்தான் குத்தினாள்.

அடுத்த வரிசையில் என் நாத்தனார் நின்றாள். வந்த குத்தையெல்லாம் ஈ விரட்டுகிற மாதிரி தட்டிவிட்டாள். அவள் பாஸ். கர்சீப்பால் உதட்டைப் பொத்திக்கொண்டு கை தட்டினேன், மனசாரத்தான்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது திடீரென்று அழ ஆரம்பித்தாள். தோற்றவள் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று நானே அவளைத் தேற்றினேன்.

"மதினி, நான் உங்களுக்கு ஒருநாளும் நேராக் குத்துனதே இல்ல. காதுக்கு வெளியதான் குத்துவேன். அதுவும் உங்க கை மேல வந்த பொறவுதான். அண்ணந்தான் சொல்லுச்சு, அவ மூஞ்சில காயம் கீயம் பட்டுறக் கூடாதுன்னு."

மாஸ்டருக்கும் தெரியுமாம். குடும்பத்து விஷயம் என்று விட்டுவிட்டாராம். அவளுடைய கன்றிப்போன கையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நான் நேர்மையாகக் குத்திக் குத்தி அவளுக்குத் தடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவள் என்னிடம் ஆடியது முழுக்க நாடகம். பஸ்ஸில் தள்ளிப்போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சங்கிலியை அறுத்தவன் மேல்கூட எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் வந்ததில்லை. அவன் முன்பின் தெரியாதவன். இவர்கள் என் கையால் சாப்பிடுகிறவர்கள்.

வீட்டுக்காரர் என் உதட்டைப் பார்த்ததும், இதற்குத்தான் சொன்னேன் என்று ஆரம்பித்தார். யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மறைக்கவில்லை. அதில் தப்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"நீ என்ன சண்டைக்கா போகப் போற? மனசுல ஒரு தைரியம் வந்தாப் போதும்னு நெனச்சேன். வந்துச்சுல்ல?"

வந்தது. அதுதான் என்னைப் போட்டு எரித்தது. குரல் உயராமல்தான் கேட்டேன்.

"ஒரு வருஷமா அந்தச் சந்து வழியாத்தான் வாரேன். உங்களுக்குத் தெரியும். அங்கிட்டுப் போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அதான் ஒண்ணும் ஆகலைல்ல" என்றார்.

ஒன்றும் ஆகாது என்ற அந்த எண்ணத்தில்தான், தடுக்கத் தெரியாத கையோடு என்னைத் தினமும் அந்தச் சந்தில் நடக்கவிட்டிருக்கிறார்.