குதிகாலில் விழுந்த அடி

போடியில் எங்களுக்கு ஷட்டில் கோர்ட்டு என்பது ஒரு ஏலக்காய் குடோன்தான். சீசன் இல்லாத மாதங்களில் மூட்டைகள் காலியானதும் சிமெண்டுத் தரையில் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்வோம். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து ஜீப் ஓட்டிக்கொண்டு நேரே வருகிறவர்கள். நானும் அப்படித்தான். போடிமெட்டு மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு கிளட்ச்சை மிதித்து இறங்கி, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு பேட்டை எடுத்தால் ஆட்டம்தான். யாராவது காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தால், "என்ன, ஒலிம்பிக்குக்குப் போறீகளா?" என்று கிண்டல் செய்வதில் நான்தான் முதல் ஆள்.

என் ஜோடி என் தங்கை புருஷன். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் எதிரணி உயரத் தூக்கி அடித்த பந்துக்கு நாங்கள் இருவருமே பின்னால் ஓடினோம். நான் எடுத்துவிட்டேன். அடுத்தது வலைக்குப் பக்கத்தில் விழப் பார்த்தது. இடது காலை ஊன்றி முன்னால் பாய்ந்தேன். குதிகாலுக்கு மேலே பளாரென்று ஓர் அடி. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழுந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால், பின்னால் மாப்பிள்ளை, கையில் பேட்டோடு.

"ஆளுக்கும் பந்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்குய்யா ஆட வர்ற?"

இதற்கு மேலும் சொன்னேன், பத்துப் பேர் முன்னால். அவர் பேட்டைக் கீழே போட்டார். என்னைத் தூக்கிக் காரில் போட்டு தேனி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

அவர் வெளியே ஓ.பி. சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தார். வலது பாதம் அசைந்தது. இடது பாதம் அசையவே இல்லை.

"பின்னாலருந்து யாரோ அடிச்ச மாதிரி இருந்துச்சா?"

"மாதிரி என்ன டாக்டர், அடிச்சே விட்டாரு."

அவர் சிரித்தார். "குதிகால் தசைநாரு அறுந்து வர்ற முக்காவாசிப் பேரு இதத்தான் சொல்றாங்க. உங்கள யாரும் அடிக்கல. தோல்ல ஒரு கீறல்கூட இல்ல பாருங்க."

அப்புறம் விளக்கினார். வலக்கைக்காரன் வலைக்குப் பாயும்போது வலது கால் முன்னே நீளும். உந்தித் தள்ளுவது இடது கால். பின்னால் போன வேகத்தில் முன்பாதத்தில் ஊன்றி உடனே முன்னால் கிளம்பினால், உடம்புக் கனமெல்லாம் குதிகாலுக்கு மேலே இருக்கிற அந்த ஒற்றைத் தசைநாரில் விழுகிறது. எனக்கோ அது மலை இறங்க இறங்க கிளட்ச் மிதித்து இறுகிப்போன கால். வயது நாற்பத்தாறு. கீழே சிமெண்டு. "அந்தக் காலு வேற என்னதான் செய்யும்?" என்றார்.

வெளியே வந்து மாப்பிள்ளையிடம், "நரம்பு அந்துபோச்சாம்" என்று மட்டும் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் பேசியதை எப்படி வாபஸ் வாங்குவது? கால் சரியாகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆபரேஷன், மாவுக்கட்டு, ஊன்றுகோல் என்று மூன்று மாதம் போனது. கடையடைத்ததும் மாப்பிள்ளை தினமும் வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவார். காலைப் பார்க்க மாட்டார். ஷட்டில் பக்கமே போவதில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஒருநாள் தங்கை வந்து, "அவரு செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேண்ணே" என்று அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடிந்த அன்று அவர் கடைக்குப் போனேன்.

"மாப்ளே, நீங்க என்னைய அடிக்கல. அது தானா அந்துருக்கு. டாக்டரு சொன்னாரு."

கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். "நான் அடிக்கலையா?"

"இல்ல."

"சத்தம் கேட்டுச்சே மச்சான். பேட்டுல பட்டது கையிலகூட தெரிஞ்சுச்சே."

"சத்தம் என் காலுல வந்தது. உங்க பேட்டு படவே இல்ல."

குடத்தை ஓரமாக நகர்த்தினார். "டாக்டரு எப்பச் சொன்னாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். "அன்னைக்கே" என்றேன்.

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"வாங்க. உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க. மூணு மாசமா அவ எனக்கு மொகம் கொடுத்துப் பேசல."

வீடு இரண்டு தெரு தள்ளி. நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். அவர் நடையைக் குறைக்கவில்லை. நானும் மெதுவாகப் போகச் சொல்லவில்லை.