துக்க மணி அடிக்காத ஞாயிறு

சனிக்கிழமைப் பரீட்சையில் மூன்றாவது கேள்வி: முகவர் ஒருவரின் அதிகாரம் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் முடிவுக்கு வரும்? நாலு வரியில் எழுதினேன். ஒப்படைத்த வேலை முடிந்தால் முடியும். ஒப்படைத்தவர் திருப்பி எடுத்தால் முடியும். இருவரில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் முடியும். ஒருவர் இறந்தால் முடியும். கடைசி வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தேன். அந்த நேரம் அண்ணை பிரான்சில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். எனக்கு அது பத்துப் புள்ளிக் கேள்வி.

அரிப்பில் மீனவர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் நான். வயது நாற்பத்தெட்டு. எதையும் தொடங்கிப் பாதியில் விடுகிறவன் என்று வீட்டில் பெயர். கித்தார், சிங்களம், தேனீ வளர்ப்பு, எல்லாம் பாதியில் கிடக்கின்றன. சட்டத்தையாவது விடக்கூடாது என்று மன்னார் ரவுணில் சனிக்கிழமைகளில் நடக்கிற வணிகச் சட்ட வகுப்பில் சேர்ந்தேன். விடிய பஸ். பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் தகடு மாதிரிக் கிடக்கும். மடியில் புத்தகத்தைத் திறந்தால் நான் வாசிக்கிற வேகம் காற்றுக்குப் போதாது, அதுவே பக்கத்தைப் புரட்டிவிடும்.

படிப்பிக்கிறவ வவுனியாவிலிருந்து வருகிற சட்டத்தரணி. என் தங்கச்சியின் மூத்தவளை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கரும்பலகையில் ஒரு ஆளைக் கீறி, அந்த ஆளுக்கு மூன்று கை போட்டா.

"வேலையை ஒப்படைக்கிறவர் முதல்வர். முகவர் அவரின்ர மூண்டாவது கை. கை செய்தது எல்லாம் ஆள் செய்ததுதான். ஆனால் ஆள் இல்லையெண்டால் கையும் இல்லை." பிறகு பங்குடைமைக்குப் போனா. பங்காளி ஒருவர் செத்தால், வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், பங்குடைமை கலைந்துவிடும். கம்பனி அப்படியில்லை. பங்குக்காரர் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போய்ச் செத்தாலும் கம்பனி இருக்கும்.

எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் நண்டு வியாபாரி கையைத் தூக்கினார். "அப்ப கம்பனிக்கு மவுத்தே இல்லையா மிஸ்?"

"கலைக்கலாம் நானா. தானாச் சாகாது."

"நல்லம். ஜனாஸாச் செலவு மிச்சம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கினதும் ஏனோ தெரியாது, நான் ஒன்று கேட்டேன்: "முதல்வர் செத்தது முகவருக்குத் தெரியாட்டி, மிஸ்?"

"தெரியாமல், நல்லெண்ணத்தோட செய்ததுக்குச் சட்டம் சில இடத்தில இரக்கம் காட்டும். தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வைச்சால் அது பொய். அதுக்கு வேற பேர் இல்லை."

அதையும் எழுதி, அதற்குக் கீழேயும் கோடு இழுத்தேன்.

தங்கச்சி இருக்கிற வீடு என் வளவுக்கு அடுத்த வளவு. இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது அந்தக் காணியில் பற்றையும் உடைந்த சுவரும்தான் இருந்தன. பற்றையை வெட்டினவள் அவள். கிணறு இறைத்துத் துப்புரவாக்கினவள் அவள். அவளுடைய மனுசன் கட்டாரில் உழைத்து அனுப்ப அனுப்பக் கல்லுக்கு மேல் கல் வைத்தவள் அவள். ஆனால் காணி அண்ணையின் பெயரில். அப்பா மூத்தவனுக்கு எழுதினார், அவ்வளவுதான். அப்போது ஆரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அண்ணை பல வருடத்துக்கு முன்னமே தன் சார்பில் கையெழுத்து வைக்க எனக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பியிருந்தார். இந்தக் கரையில் நான் அவருடைய மூன்றாவது கை.

வருத்தம் முற்றினதும் அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. "வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிக் குடு. பிள்ளையளுக்கு அந்த இடம் தெரியாது. அவள்தான் கிடந்து பாடுபட்டவள்."

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு வெள்ளிக்கிழமை வரச்சொன்னார். எனக்குச் சனிக்கிழமை பரீட்சை. வெள்ளி முழுக்கப் படிக்க வேண்டும். "திங்கள் வைப்பமே ஐயா?" என்று நான்தான் கேட்டேன். எழுதுகிற இந்த நேரமும் அந்தக் கேள்வி என் வாயில் உப்பாகக் கிடக்கிறது.

ஞாயிறு விடியப் போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, அவர் போயிட்டார்." அதற்குப் பிறகு அழுகை. பிறகு, அழுகைக்கு நடுவில்: "கோயில்ல மணி அடிக்கச் சொல்லுங்கோ. அடிக்கிற சத்தத்தை வட்சப்பில அனுப்புங்கோ. பெட்டி மூடமுதல் தனக்கு அதைக் கேக்கப் போடவேணும் எண்டு சொன்னவர்."

எங்கள் ஊர்க்காரர் ஆர் செத்தாலும், எந்த நாட்டில் செத்தாலும், மாதா கோயிலில் துக்க மணி அடிக்கும். ஓர் அடி. பிறகு ஒரு நீண்ட சும்மா. பிறகு இன்னோர் அடி. அந்தச் சும்மாவுக்குள் சனம் அடுப்பை விட்டு, வலையை விட்டு, றோட்டுக்கு வந்து "ஆர்? ஆர்?" என்று கேட்கும். மணி அடித்த பிறகுதான் ஒருவர் ஊருக்குச் செத்தவர். அடிக்கும்வரை அவர் இருக்கிற ஆள்.

வேலியால் போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் குசினி வாசலில் அப்படியே இருந்தாள். வாய் திறந்தது. சத்தம் வரமுதல் சீலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்து அமத்தினாள். தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. அழுகிறவளை நான் பார்த்திருக்கிறேன். அழுகையை விழுங்குகிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப சொல்லாதேங்கோ." தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "மணி அடிச்சால்தானே ஊருக்குச் சாவு. சாட்சிக்கு வாற ரெண்டு பேரும் எங்கட றோட்டுக்காரர். மணி கேட்டால் அவை வருவினமோ? நாளைக்குப் பத்துக்குச் சையன் வைப்பம். திரும்பி வந்து மணி அடிப்பம்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி அந்த அற்றோணிக்கு உயிர் இல்லை."

"அந்தப் போனை நீங்கள் எடுக்கேல்லை எண்டு நினையுங்கோ, சின்னண்ணை."

"எடுத்தனான்தானே."

"வெள்ளிக்கிழமை வைச்சிருந்தால் இப்ப இந்தக் கதை இருக்குதோ?" குரல் உயரவில்லை. அதுதான் வெட்டியது. "உங்கட சோதினைக்காக நான் பொறுத்தனான். எனக்காக நீங்கள் ஒரு நாள் பொறுக்கேலாதோ? அவர் சொன்னதைத்தானே செய்யப் போறம். களவெடுக்கப் போறமோ?"

பதில் என்னிடம் இருந்தது. நாலு வரி. அதை அவளுடைய முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

பூசைக்குப் போகாவிட்டால் சனம் கேட்கும். போனோம். முற்றத்தில் ஒரு மனுசி அவளுடைய கையைப் பிடித்து, "கொண்ணை எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டா. "அப்பிடியேதான் இருக்கிறார் அக்கா, செபம் பண்ணுங்கோ," என்றாள் தங்கச்சி. சிரிக்கக்கூடச் செய்தாள். நோயாளருக்கான மன்றாட்டில் பங்குச் சாமியார் அண்ணைக்காகவும் செபிக்கச் சொன்னார். எல்லோரோடும் சேர்ந்து நானும், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றேன். மணிக்கயிறு சுவரோடு சேர்ந்து தொங்கியது. கை படுகிற இடம் கறுத்து எண்ணெய் ஏறியிருந்தது. பூசை முடியும்வரை வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

பின்னேரம் முழுக்கத் தங்கச்சி பேஸ்புக்கைத் தட்டிக்கொண்டே இருந்தாள், அங்கேயிருந்து ஆரும் கண்ணீர் அஞ்சலி போட்டுவிடுவார்களோ என்று. அண்ணி நாலு தரம் போன் அடித்தா. நான் எடுக்கவில்லை. ஐந்தாவதாக ஒரு செய்தி வந்தது: மணி அடிச்சதோ தம்பி?

திங்கள் காலை நாங்கள் இருவரும் சாட்சிகள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். சாட்சிகளில் ஒருவர் அண்ணையோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். வழி முழுக்க அண்ணையின் கதை. அண்ணை வாத்தியாரின் சைக்கிளைக் கடலுக்குள் உருட்டிவிட்டது, அடிக்குப் பயந்து படகுக்குள் படுத்து நித்திரையாகிப்போனது. "வரட்டும் அவன், இந்த முறை அந்தச் சைக்கிளுக்கு என்ன சொல்றான் எண்டு கேப்பம்." தங்கச்சி யன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பினாள். பாலம் வந்தது. இரண்டு பக்கமும் அதே தகடு. என் மடியில் புத்தகம் இல்லை, பிளாஸ்ரிக் கோப்புக்குள் அற்றோணி.

நொத்தாரிசின் கந்தோரில் ஒரு மேசை, நாலு கதிரை, கிறீச்சிடுகிற காற்றாடி. அவர் உறுதியை உரத்து வாசித்தார். நான் இன்னாரின் அற்றோணித் தத்துவக்காரனாக, அவர் சார்பில், அவர் பெயரால். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வழக்கத்துக்குக் கேக்கிறன், கோவியாதேங்கோ. ஆள் உயிரோட இருக்கிறார்தானே?"

அண்ணையோடு படித்த கூட்டாளி சிரித்தார். "அவனை எமனே பிடிக்கமாட்டான் ஐயா."

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. நன்கொடையை ஏற்று அவளும் கையெழுத்து வைக்க வேண்டும். பேனையை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள். விரல் நுனி வெளிறியிருந்தது. என் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. பார்க்காமலே தெரியும் ஆர் என்று. அங்கே பெட்டி இன்னும் மூடாமல் காத்துக்கொண்டிருந்தது.

சட்டத்துக்குப் பயந்து சொன்னேன் என்று பிறகு ஊர் கதைத்தது. அப்படியில்லை. அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான்: அவர் இருக்கிறார் என்று நான் சொன்னால் அதன் பிறகு எந்த மணி அடித்தாலும் அது பொய்ச் சத்தம்.

"இல்லை ஐயா. நேற்று விடியப் போயிட்டார்."

காற்றாடி கிறீச்சிட்டது. பேனை மேசையில் உருண்டது. தங்கச்சி ஒரு நாளாக விழுங்கி வைத்திருந்தது முழுவதும் அப்போது வெளியே வந்தது. கீழே தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள். கூட்டாளி வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். "பஸ்ஸில முழுக்க என்னைக் கதைக்க விட்டிட்டு இருந்தனீங்களே," என்றார். நொத்தாரிசு தாள்களை அடுக்கி, நூலால் கட்டி, என் பக்கம் தள்ளினார். "இனி அந்த வீடு அவரின்ர மனுசிக்கும் பிள்ளையளுக்கும். அவை எழுதித் தந்தால்தான்."

திரும்பி வரும்போது அவள் முன் சீற்றில் இருந்தாள். நான் கடைசியில்.

பின்னேரம் மணி அடித்தது. கோபுரத்துக்குக் கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். ஓர் அடி, பிறகு அந்தச் சும்மா. சும்மாவுக்குள் காகங்களும், தூரத்தில் ஒரு படகு எஞ்சினும், றோட்டில் "ஆர்? ஆர்?" என்கிற குரல்களும் ஏறிப் பதிந்தன. எல்லாவற்றையும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி எழுதினா: அவருக்குப் போட்டுக் காட்டினனாங்கள்.

அடுத்த சனிக்கிழமை விடைத்தாள் தந்தார்கள். மூன்றாவது கேள்விக்குப் பத்துக்குப் பத்து. நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை.

தங்கச்சி என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் விளக்குமாறு நின்றுவிடும். அண்ணி கையெழுத்து வைக்கச் சம்மதித்துவிட்டா. பிள்ளைகள் மூன்று பேர். மூத்த இருவரும் ஓம் என்றார்கள். கடைசிப் பெடியன் மாதக்கணக்காகப் போன் எடுக்கவில்லை. எடுத்த அன்று, உடைந்த தமிழில், "சித்தப்பா, நான் பாக்காத வீட்டுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? காட்டுங்கோ," என்றான்.

நியாயமான கேள்வி. போனைத் தூக்கிக்கொண்டு வேலியால் போனேன். அவள் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். "கடைசிப் பெடியன். வீட்டைப் பாக்கவேணுமாம்," என்றேன். திரையில் குளிர்ச்சட்டை போட்ட ஒரு முகம், அண்ணையின் அதே நெற்றி. அவள் அதைப் பார்த்தாள். எழும்பிக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

கிணற்றைக் காட்டினேன். சுவரைக் காட்டினேன். வாசற்படியில் கால் வைத்தேன்.

"செருப்போட உள்ளுக்குப் போகாதேங்கோ," என்றாள்.

கழற்றிவிட்டு உள்ளே போனேன்.