தந்தி அலுவலகத்தின் ஏழு படிகள்

பழைய தந்தி அலுவலகத்தில் பொதுமக்கள் கூடத்துக்குப் போகும் ஏழு படிகள் ஏறினவா, இறங்கினவா?

கட்டடக்கலைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இது இருபத்து மூன்றாவது கேள்வி. ஒரு மதிப்பெண். 'இறங்கின' என்று எழுதினால் அந்த ஒரு மதிப்பெண் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். உண்மையில் அவை ஏறின என்பதும் தெரியும். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், மணி அடித்துவிட்டது. அன்று அந்தக் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்ல, எங்கள் தெரு டேப்பக்காவின் கதையைச் சொல்ல வேண்டும்.

கைப்பையில் எப்போதும் ஐந்து மீட்டர் அளவு டேப் வைத்திருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். யார் வீட்டில் புதுப் படிக்கட்டு கட்டினாலும் நின்று அளந்து பார்ப்பாள். "மூணாவது படி மட்டும் அரை அங்குலம் கூட. யாராவது தடுக்கி விழப் போறாங்க" என்பாள். சொன்னபடியே யாராவது விழுவார்கள். "டேப்பக்கா, அப்படியே எங்க வீட்டுக்காரர் தொப்பையையும் அளந்து சொல்லிட்டுப் போ" என்று எதிர்வீட்டு அம்மா வாசலிலிருந்து கத்துவார். "அதுக்கு இந்த டேப் பத்தாதுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸுக்கு ஓடுவாள்.

கல்லூரியில் அவளுக்கு வேலை கட்டடக்கலை வரலாறும் கோட்பாடும் கற்பிப்பது. பதினொரு வருடமாக ஒப்பந்தப் பணி. வருடா வருடம் ஏப்ரலில் போ என்பார்கள், ஜூனில் வா என்பார்கள். வரைபட வகுப்புக்காக ராத்திரியெல்லாம் கண்விழித்த மாணவர்கள் வந்து தூங்குவதற்கென்றே வைத்தது போன்ற வகுப்பு அது. அக்காவுக்குக் கொடுத்திருந்த இடமும் ஒரு மாடிப்படிக்கு அடியில்தான். பழைய மாணவர்கள் செய்துவிட்டுப் போன அட்டை மாதிரிகள், கதவு மூடாத இரும்பு அலமாரி, ஒரு மேசை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். தலைக்கு மேலே கால்கள் போய்க்கொண்டே இருக்கும். ஏறும் காலுக்கும் இறங்கும் காலுக்கும் சத்தம் வேறு என்று அவள் சொல்வாள். ஏறும் கால் அழுத்தி வைக்கும், இறங்கும் கால் விழும்.

துறைத் தலைவரை எல்லாரும் பெரிய சார் என்பார்கள். முப்பது வருடங்களுக்கு முன் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'தாழ்ந்த கூடம்'. அதில் சொல்லியிருப்பது இதுதான்: அந்தக் காலத்து அரசாங்கக் கட்டடங்கள் மக்களைத் தாழ்த்துவதற்காகவே கட்டப்பட்டவை, தந்தி அலுவலகத்தில் மக்கள் ஏழு படி இறங்கிப் போய், மேலே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. கேட்டவுடன் பிடித்துப்போகிற விஷயம். பாடப் புத்தகத்தில் சேர்ந்தது. தேர்வுக் கேள்வியானது. பெரிய சாரும் பெரிய சார் ஆனார். அந்தக் கட்டடத்தை அறுபது வருடங்களுக்கு முன்பே இடித்து, அந்த இடத்தில் வண்டி நிறுத்தம் போட்டுவிட்டார்கள். பெரிய சார் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு தரைத்தளப் படம். அதன் புகைப்படம் புத்தகத்தில் இருக்கிறது.

அவரிடம்தான் அக்கா ஆராய்ச்சி செய்தாள். மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு வருடம் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். கேட்டதற்கு, "அவசரம்னா பஸ் பிடிக்கப் போம்மா. ஆராய்ச்சிக்கு ஏன் வந்தே?" என்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து பட்டம் வாங்கினாள். நிரந்தர வேலைக்கும் அப்படியே காத்திருந்தாள்.

போன வருடம் அந்த நிரந்தர இடம் வந்தது. பெரிய சார் கூப்பிட்டனுப்பினார்.

"புத்தகத்துக்கு முப்பதாம் வருஷப் பதிப்பு போடறாங்க. அதுல குறுக்குவெட்டுப் படம் இல்லைன்னு ரொம்ப நாளா குறை. நீ வரைஞ்சு குடு. கீழே உன் பேரைப் போடறேன். நேர்காணலுக்கு அதையே எடுத்துட்டு வா. வேலை உனக்குத்தான்."

குறுக்குவெட்டுப் படம் என்பது கட்டடத்தை மேலிருந்து கீழாக நடுவில் வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பார்ப்பது. எந்தத் தரை உயரம், எந்தத் தரை பள்ளம் என்று அதில்தான் தெரியும். பதினொரு வருடத்தில் பெரிய சார் அவளைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

புத்தகத்தில் இருக்கும் சின்னப் படத்தை வைத்து அளவெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மூலப் படத்தையே தேடிப் பொதுப்பணி அலுவலகத்தின் பதிவறைக்குப் போனாள். பதிவறைக்காரர் துணி ஒட்டிய ஒரு சுருளைக் கொண்டுவந்து, மேசையில் விரித்து, நாலு மூலையிலும் பழைய பூட்டுகளை வைத்தார்.

படம் புத்தகத்தில் இருந்ததைவிட ஒரு சாண் நீளமாக இருந்தது.

அந்த ஒரு சாணில் தெருவும், தெருவிலிருந்து முகப்புக்குப் போகும் மூன்று படிகளும் இருந்தன. அந்தப் படிகளின் மேல் ஓர் அம்புக்குறி. அது தெருவைப் பார்த்திருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இன்று எல்லாரும் வரையும் முறையில், படிக்கட்டின் மேல் போடும் அம்பு ஏறும் திசையைக் காட்டும். கூடத்துப் படிகளின் அம்பு கூடத்திலிருந்து வாசலைப் பார்த்திருந்தது. கூடத்திலிருந்து வாசலுக்கு ஏற வேண்டும், ஆகவே கூடம் பள்ளம். பெரிய சார் படித்தது அப்படி. அதே கணக்கில் முகப்புப் படிகளையும் படித்தால், முகப்பிலிருந்து தெருவுக்கு ஏற வேண்டும். ஆனால் அதே புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்தக் கட்டடத்தின் பழைய புகைப்படம் இருக்கிறது. அதில் ஜனங்கள் தெருவிலிருந்து முகப்புக்கு மூன்று படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கையில் குடையோடு ஒருவர் இரண்டாவது படியில் நிற்கிறார்.

அக்கா படம் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தாள். குளியலறைத் தரை, சாக்கடை, கூரை ஓரம் எல்லாவற்றிலும் அம்புகள் இருந்தன. எல்லாம் தண்ணீர் ஓடும் பக்கம். அந்தக் காலத்தில் பொதுப்பணி அலுவலகத்தில் இதை வரைந்த ஆள் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார்: அம்பு என்றால் தாழ்ந்த பக்கம். அப்படியானால் வாசல்தான் தாழ்வு, கூடம் மேலே. மக்கள் ஏழு படி ஏறித்தான் போயிருக்கிறார்கள்.

"என்னம்மா, பாம்பைப் பாத்த மாதிரி நிக்கிறே?" என்றார் பதிவறைக்காரர்.

"படியைப் பாத்தேண்ணே."

அவள் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். கூடத்துக்கும் முகப்புப் படிகளுக்கும் நடுவே, படத்தின் குறுக்கே ஒரு பென்சில் கோடு. அருகில் சின்ன எழுத்தில், புத்தகத்துக்குப் படம் பிடிப்பவருக்கு, 'இதுக்குக் கீழே வேண்டாம்.' அந்தக் கையெழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மூன்றாம் அத்தியாயத்தின் ஓரமெல்லாம் அந்தக் கையெழுத்துதான்.

பஸ்ஸில் வரும்போது அவளை அறுத்தது பெரிய சாரின் கோடு இல்லை. தன் ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். 'மக்கள் ஏழு படி இறங்கினர்' என்று அவளே எழுதியிருந்தாள். பதினொரு வருடமாக, தூங்காமல் கேட்ட நாலைந்து பேருக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஊரெல்லாம் படிக்கட்டை அளந்த டேப், இந்தப் படிக்கட்டுக்கு மட்டும் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

வீட்டில் அவள் தம்பி இருந்தான். டைல்ஸ் கடை வைத்திருப்பவன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இல்லாத கட்டடத்துல இல்லாத படி. அது மேல போனா என்ன, கீழ போனா என்ன? இதுக்கு யாராவது வேலையை விடுவாங்களா அக்கா?"

"இருந்த கட்டடம்டா."

"இப்ப வண்டி நிறுத்தறாங்கல்ல? யாரு வந்து கேக்கப் போறா? கண்ணை மூடிட்டு ஒரு கோடு கீழே போடு. பதினொரு வருஷமா அந்த மாடிப்படிக்கு அடியில கூனிக் கூனி உனக்கு முதுகே வளைஞ்சு போச்சு."

தம்பி மனைவி பாத்திரங்களை அலமாரியில் வைத்த சத்தமே அவள் கட்சி எது என்று சொன்னது.

மறுநாள் அக்கா முழுப் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு பெரிய சார் அறைக்குப் போனாள். அவர் தெரியாமல் செய்திருப்பார் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இன்னும் ஆசை இருந்தது. அவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"இதுக்குக் கீழே வேண்டாம்னு எழுதியிருக்கேன்ல?"

"சார், அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"புத்தகம் அச்சுக்குப் போற நேரம். அப்பவே கட்டடம் போய் முப்பது வருஷம் ஆச்சு. மூணு படிக்காக முன்னூறு பக்கத்தைக் கிழிச்சுப் போடச் சொல்றியா?" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உன் ஆய்வேட்டுலயும் அதான் இருக்கு. கையெழுத்துப் போட்டது நான். அது தப்புன்னா உன் பட்டமும் தப்பு. யோசிச்சுக்கோ. வெள்ளிக்கிழமை படம் என் மேசையில இருக்கணும். கூடம் கீழே."

வெளியே நடைகூடத்தில் ஆமாஞ்சாமி நின்றுகொண்டிருந்தான். இவனும் ஒப்பந்த ஆசிரியன்தான், வந்து இரண்டு வருடம். பெரிய சார் தும்மினாலும் ஆமாம் சொல்வான் என்று மாணவர்கள் வைத்த பெயர்.

"அக்கா, நீங்க வரையலைன்னா நான் வரைஞ்சு குடுத்துடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"எந்தப் பக்கம் வரைவே?"

"சார் சொல்ற பக்கம்."

அவன் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒளிக்காமல் பேசினானே என்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பெரிய சாரின் மேசைக்கு எதுவும் போகவில்லை. திங்கட்கிழமை நேர்காணல். நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் பெரிய சார், ஓரத்தில் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை. அக்கா தான் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தை விரித்தாள். தெருவிலிருந்து மூன்று படி மேலே, அங்கிருந்து ஏழு படி மேலே, உச்சியில் கூடம். பக்கத்தில் முழுப் படத்தின் நகல். மேசையின் அகலம் போதாமல் அதன் கடைசி ஒரு சாண் அவர்கள் மடிப் பக்கமாகத் தொங்கியது.

"முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள். "என் ஆய்வேட்டுல நூத்திப் பன்னெண்டாம் பக்கம் தப்பு." பிறகு அம்புக்குறி, புகைப்படம், குடைக்காரர், தண்ணீர் ஓடும் பக்கம் எல்லாம் சொன்னாள். பென்சில் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நகலில் அது பளிச்சென்று தெரிந்தது. ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். ஐந்து பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

பெரிய சார்தான் முதலில் பேசினார். முகத்தில் அதே சிரிப்பு.

"பாத்துக்கோங்க. தன்னோட ஆய்வேடே தப்புன்னு இவங்களே சொல்றாங்க. நான் எதுவும் சொல்லலை."

பேராசிரியை படத்தைக் கூர்ந்து பார்த்தார். அக்காவுக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்தது. "நீங்க சொல்றது சரியாத்தான் தெரியுது. அப்ப கூடத்தை ஏன் உசரத்துல வச்சாங்க? உங்க கோட்பாடு என்ன?"

"தெரியாது மேடம். ஏறுச்சுன்னு மட்டும்தான் தெரியும். அடியில பேட்டரி அறை ஏதாவது இருந்திருக்கலாம். ஆதாரம் இல்லாம சொல்ல மாட்டேன்."

பேராசிரியை பேனாவை மூடினார். "கோட்பாடு இல்லாம இந்தத் துறையில என்னம்மா பண்ணுவீங்க?"

நான்காம் நாள் பட்டியல் வந்தது. ஆமாஞ்சாமியின் பெயர் இருந்தது. ஜூன் வந்தது, அக்காவை யாரும் கூப்பிடவில்லை.

மாடிப்படிக்கு அடியிலிருந்த இடத்தைக் காலி செய்யப் போன அன்று, அவள் நூலகத்துக்கும் போனாள். தன் ஆய்வேட்டை எடுத்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, 'தவறு. படிகள் ஏறின' என்று மையில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நூலகர் ஓடி வந்தார்.

"என்னங்க இது, புத்தகத்துல கிறுக்கறீங்க?"

"நான் எழுதின புத்தகம்தாங்க."

"உங்களதா இருந்தாலும் கிறுக்கக் கூடாது."

"கிறுக்கலை. திருத்தினேன்."

இப்போது அவள் தம்பி கடைக்கு மேல் மாடியில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். நிமிர்ந்து நிற்க இடம் இருக்கிறது. அவள் வரையும் எல்லாப் படிக்கட்டிலும் அம்புக்குப் பக்கத்தில் 'ஏறு' என்று எழுத்தாலும் எழுதுகிறாள். கொத்தனார்கள் சிரிக்கிறார்கள். "எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்கிறார்கள். "உங்களுக்குத் தெரியும். அம்பது வருஷம் கழிச்சு ஒரு பெரிய சார் வருவார், அவருக்காக" என்று அவளும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

புதிய பதிப்பும் வந்துவிட்டது. ஆமாஞ்சாமி வரைந்த குறுக்குவெட்டுப் படத்தோடு, முதல் பக்கத்தில் அதே புகைப்படத்தோடு. தெருவிலிருந்து மூன்று படி ஏற்றம், பிறகு ஏழு படி இறக்கம். தம்பி மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"ஏன் அண்ணி, அப்ப கூடம் தெருவைவிட நாலு படி பள்ளமா? மழை பெஞ்சா தந்தியெல்லாம் மிதக்குமே?"

முப்பது வருடமாக அந்தத் துறையில் ஒருவரும் கேட்காத கேள்வி. அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்த டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

சிரித்து என்ன? இந்த வருடமும் இருபத்து மூன்றாவது கேள்வி வரத்தான் போகிறது. அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தத் தேர்வை எழுதப் போகிறவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லட்டும். மதிப்பெண்ணை வாங்கிக்கொள்வதும் விட்டுவிடுவதும் அவரவர் பாடு. படிகள் ஏறின என்று தெரிந்துகொண்டு அந்தக் கல்லூரி வாசலுக்குள் போகட்டும்.