கட்டைமேல் நின்ற கப்பல்

நான் ஏழு ஆண்டுகள் கடற்படையின் நாசகாரி எனும் போர்க்கப்பலில் வேலை பார்த்தேன். அதில் முதல் இரண்டு ஆண்டுகள் கப்பல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பல வருடம் கடலில் அலைந்து களைத்த அதை, பழுதுபார்க்க, தண்ணீரை வெளியே இறைத்துவிட்ட பெரிய தொட்டிக்குள் மரக்கட்டைகள்மேல் நிறுத்தியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. எனக்குக் கிடைத்த ஆயுதம் ஒரு சின்னச் சுத்தியல். துருவைத் தட்டி உதிர்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும்.

இதை என் ஊர் அகரத்துக்கு எப்படி எழுதுவது? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் கடிதங்களை அப்பா டீக்கடையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வார். அதனால் புயல், பீரங்கி என்று எழுதித் தள்ளினேன். அலையின் உயரம் கடிதத்துக்குக் கடிதம் வளர்ந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், லீவில் வந்தபோது, நெய்க்காரப்பட்டியில் பெண் பார்க்கப் போனோம். காபி கொடுத்தவள் என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயின்ட்டைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அப்பா ஆரம்பித்தார். "பய கடல்லயே கெடக்கான். அலை அம்புட்டு ஒசரம் வருமாம்!"

நானும் சும்மா இருக்காமல் ஒரு புயலைக் கிளப்பி, கப்பலைச் சாய்த்து, கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன்.

பெண்ணின் அப்பா முகம் சுருங்கியது. "ஏனுங்க, எங்களுக்கு ஒத்தப் புள்ளைங்க. கடல்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? நமக்குச் சரிப்படாதுங்க." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவளும் உள்ளே திரும்பினாள்.

"கப்பல் ஓடலீங்க," என்றேன். "ஒன்றரை வருசமாத் தரையில, கட்டை மேல நிக்குது. நான் துருதான் சொரண்டுறேன்."

"ஏலே, அப்ப அந்தப் புயலு?" என்றார் அப்பா.

"நானா எழுதுனதுப்பா."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணின் அப்பாவோ மறுபடி உட்கார்ந்துவிட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க மாப்ள! இன்னும் எத்தன நாளு நிக்கும்?"

"ஆறு மாசங்கறாங்க."

"கவர்மெண்டு ஆறு மாசந்தானுங்களே? ஆறு வருசமாகுமுங்க!"

கல்யாணம் முடிந்தது. மறுவிருந்துக்குப் போனபோது மாமனார் தோட்டத்து இரும்பு கேட்டைக் காட்டினார். அதையும் சுரண்டி பெயின்ட் அடித்துக் கொடுத்தேன்.

ஆனால் கவர்மெண்டு சொன்ன நாளில் கப்பலைத் தண்ணீரில் இறக்கிவிட்டது. நான் வாளியைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் வாந்தி எடுத்தேன். அதை ஒளிக்காமல் மனைவிக்கு எழுதினேன். அப்போது அவள் தாய்வீட்டில் இருந்தாள். கடிதத்தை மாமனாருக்கு அவள்தான் வாசித்துக் காட்டுவாள். நான் கடல் என்று எழுதிய இடத்திலெல்லாம் அவள் கட்டை என்று வாசித்தாளாம்.