இருட்டக்காவின் விளக்கு

இருட்டறைக்குள் போனதும் அக்கா கதவிடுக்கில் ஒரு பழைய துண்டைக் காலால் தள்ளி அடைத்துவிடுவார். எங்கிருந்தாவது வெளிச்சம் கசிந்தால், "எவன்டா அங்க லைட்டப் போட்டது? என் சாயம் வெளுத்துடும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். தாழ்வார விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் சுவரைத் தடவி நடப்போம். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இருட்டக்கா.

கையுறை போட்டும் நகக்கண்ணில் நீலம் ஏறியிருக்கும். "கல்யாண வீட்டுக்குப் போனா கையப் பின்னாடி கட்டிக்குவேன்" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "சந்தோஷம். அப்ப குடுவையையும் முதல்ல நீயே கழுவு. குழாய்த் தண்ணி படக்கூடாது, தங்கம் கோவிச்சுக்கும்."

அது கோபித்துக்கொண்டதையும் ஒருநாள் பார்த்தேன். மாதுளைச் சாறு போலிருந்த தங்கக் கரைசல், கொஞ்சம் உப்புத் தண்ணீர் சேர்ந்ததும் ஊதாவாகிக் கெட்டுப்போனது.

அந்தக் கரைசலில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் தங்கத்துகள்தான் அவர் பிழைப்பு. நீலச் சாயம் கிருமியில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு ஒளி பட்டால் அதைக் கொல்லும். தங்கத்துகள் பக்கத்தில் இருந்தால் அடி பலமாகும். "சாயம் மட்டும்னா கையால குத்துற குத்து. தங்கமும் சேர்ந்தா உலக்கைக் குத்து."

குத்து விழவேண்டிய கிருமி அவர் கணவரின் வலது காலில் இருந்தது. பேருந்து ஓட்டுநர் அவர். சர்க்கரைப் புண், எந்த மருந்தும் கேட்கவில்லை. "மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி, கிளம்பவே மாட்டேங்குது" என்பார் அக்கா. கணவரின் சம்மதத்தோடு மருத்துவமனை அனுப்பிய அந்தக் கிருமியைத்தான் அக்கா தட்டுகளில் வளர்த்தார். மாதக் கடைசிக்குள் புண் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

சென்ற வாரம் தட்டுகளைத் திறந்தார். ஒளி படாததில் கிருமி தயிராடை போலப் படர்ந்திருந்தது. சாயமும் ஒளியும் மட்டும் பட்டதில் அங்கங்கே புள்ளிகள். தங்கமும் சேர்ந்தது, துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். நான் கைதட்டப் போனேன்.

"இரு. தட்டுலதான செத்துருக்கு. அடுத்து எலி. அப்புறம் கமிட்டி, அனுமதி. மனுஷன்கிட்ட வர்றதுக்குள்ள..." மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

அக்காவின் கைப்பேசி அடித்தது. திரையில் மருத்துவமனைக் கட்டிலில் கணவர்.

"சாப்டியாம்மா? இங்க கட்டு மாத்திக்கிட்டு இருக்காங்க."

"காலக் காட்டுங்க."

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பத்தான் என் கால் கண்ணுக்குத் தெரியுதாக்கும்" என்று சிரித்தபடியே கட்டவிழ்த்த காலைக் காட்டினார்.

அக்கா கைப்பேசியைச் சிவப்பு விளக்கின் கீழே, தட்டு வைக்கும் இடத்தில் மல்லாத்தி வைத்தார். விளக்கைப் போட்டார்.

"என்ன, ஒரே செவப்பாத் தெரியுது?"

"ஒண்ணுமில்லைங்க. கால ஆட்டாம வச்சிருங்க" என்று சொல்லி, விளக்கின் கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.