கொட்டச் சொன்ன வாளி

பதினோரு வருஷமாக வெல்டருக்கு அண்ணி மேல் ஒரு மனத்தாங்கல். விடுமுறைக்கு விருந்தாளிகள் வந்தால் அவள் காய்கறி சூப் வைப்பாள். வைக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணன் செத்த பிறகு அந்த வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை பற்றவைத்துக் கொடுத்தவன் அவன். அவனுக்கே கதவைச் சாத்தினால்? மடியில் கனமில்லாதவளுக்குக் கதவு எதற்கு?

"என்னண்ணி, உள்ள புதையல் தோண்டுறீங்களா?"

"ஆமா தம்பி. கிடைச்சா பாதி உங்களுக்கு."

வாங்குவது கொஞ்சம் கேரட்டும் நாலு உருளைக்கிழங்கும். குடிக்கிறவர்களோ கிண்ணத்தை வழித்து வைக்கிறார்கள். வெறும் காய்க்கு இந்த ருசி எங்கிருந்து வரும்? அண்ணிக்குத் தையல் கம்பெனியில் சட்டைப் பிசிர் வெட்டும் வேலை. கம்பெனிக்கு எதிரிலேயே கறிக்கடை. ஃப்ரீஸரில் ஒரு மாதமாக முடிச்சுப் போட்ட கறுப்புப் பை ஒன்று; "தொடாதீங்க" என்று உத்தரவு வேறு. எலும்புதான் என்று முடிவுகட்ட வெல்டருக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

மற்ற வருஷமென்றால் போகட்டும் என்று விடலாம். இந்த வருஷம் வருவது அண்ணி மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார். முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடமாட்டார்கள். விஷயம் வெளியே வந்தால் அந்தப் பெண் அங்கே எப்படி வாழ்வாள்?

அவர்கள் விருந்துக்கு வந்த அன்று காலை பதினொரு மணிக்கு அடுப்படிக் கதவு ஒரு சாண் திறந்தது. மூடி போட்ட வாளி ஒன்று வெளியே வந்தது.

"தம்பி, தெருமுனைத் தொட்டியில கொட்டிட்டு வந்துடுங்க. திறந்து பார்க்காதீங்க."

திறக்காதே என்றால் திறக்காமலிருக்க அவன் என்ன அவ்வளவு நல்லவனா? மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கம்பியால் கிளறினான். வெந்த கேரட் தோல், வெங்காயச் சருகு, காலிஃப்ளவர் தண்டு, பட்டாணித் தோல், கொத்தமல்லி வேர். அடிவரை கிளறியும் எலும்பில்லை. ஊரார் குப்பையில் போடுவதை ஒரு மாதம் சேர்த்துவைத்து, அதைக் காய்ச்சி வடித்த சாறுதான் அந்த ருசி. கதவைச் சாத்தியது வெட்கத்தால். ஆனாலும் அவனுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தரம் பார்க்கலாமென்று வாளியைப் படிக்கட்டுக்கடியில் தள்ளிவைத்தான்.

மத்தியானம் எல்லாரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மா இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு மூன்றாவதைக் கிண்ணத்திலேயே விட்டாள்.

"எலும்பு கொதிக்கவெச்ச மாதிரில்ல இருக்கு?"

சம்பந்தி கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். மகள் தலை நிமிரவில்லை.

"வெறும் காய்தாங்க" என்றாள் அண்ணி.

"நாங்களும் காய்தான் போடறோம். எங்களுக்கு இப்படி வரலியே."

வாளிக்குள் இருந்ததை வெல்டர் பார்த்திருந்தான். சொன்னால் தோலைக் காய்ச்சி ஊற்றினவள் என்று பேர்; சொல்லாவிட்டால் எலும்பு. எதைச் சொல்வது?

அண்ணி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"தம்பி, அந்த வாளியை நீங்க கொட்டியிருக்க மாட்டீங்க. உங்க புத்தி எனக்குத் தெரியாதா? போய் எடுத்துட்டு வந்து இவங்க முன்னாடி திறந்து வைங்க."