வேலாயி சம்மதித்த அல்லி

சேரம்பாடிப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருக்கும் ஊற்றுக்குட்டையில் யார் கை வைப்பதானாலும் முதலில் வேலாயியைக் கேட்க வேண்டும். வருஷாவருஷம் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தூர் அள்ளுகிறவள் அவள்தானே. அந்தத் தண்ணீர்தான் குழாய் வழியே இறங்கி லயத்து முற்றத்துப் பீலியில் தாரையாக விழும். பன்னிரண்டு வீட்டுக்கும் குடிக்க, குளிக்க எல்லாம் அதுதான்.

அதில் அல்லி வளர்க்கலாமா என்று கேட்டு வந்தவள் ரேணுகா. வேறு யாராவது கேட்டிருந்தால் வேலாயி வந்த வழியே அனுப்பியிருப்பாள். ரேணுகா அப்படியா? இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கையில் பக்கத்து நிரைக்காரி. வேலாயி காய்ச்சலில் தடுமாறிய நாட்களில் அவள் நிரையையும் சேர்த்துப் பறித்துக் கொடுத்தவள்.

“அல்லி வேர் விட்டா சும்மா இருக்காது புள்ள. ஊத்துக்கண்ண அடைச்சிரும்,” என்றாள் வேலாயி.

“தொட்டியிலதான்க்கா வைப்போம். எல ஜாஸ்தியானா நானே வெட்டிர்றேன். நம்ம லயத்துக்கும் ஒரு அழகு வேணாமா?”

மூன்று நாள் யோசித்து வேலாயி சரி என்றாள். அதோடு விட்டாளா? வீடு வீடாகப் போய்ப் பேசி, முணுமுணுத்தவர்களையும் இணங்க வைத்தாள். பாப்பம்மாள் மட்டும், “ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன்னத்தான் கேப்போம்,” என்றாள்.

பூ பூத்த மாதமே குட்டையைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. மேட்டு பங்களாவை விடுதியாக நடத்தும் ரொனால்டின் வேலை. அல்லி கேட்டதே அவன்தானாம். வேலிக் கதவின் சாவி யார் கையில்? சாட்சாத் ரேணுகா கையில். விடுதியில் தனக்கு வேலை பேசி முடித்துவிட்டுத்தான் அந்தக் குழையல் எல்லாம். செடிகளும் தொட்டியில் இல்லை, நேரே சேற்றில்.

“கெஸ்ட் இருக்காங்கக்கா. யாரையும் உள்ள விட வேணாம்னுட்டாங்க.”

“மொதல்லயே தெரியுமா ஒனக்கு?”

ரேணுகா பூட்டைப் பார்த்தாள்.

தூர் அள்ளாத குட்டையில் அல்லி வேர் ஊற்றுக்கண்ணை அடைக்க, அடுத்த கோடையில் பீலி நூலாக ஒழுகியது. பெண்கள் ஃபேக்டரிக் குழாய்க்குக் குடத்தோடு நடந்தார்கள். பாப்பம்மாள் வேலாயியிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். வேலாயிக்கு ஆத்திரம். ரொனால்ட் மேல் அல்ல, அவன் யாரோ.

குட்டையும் வற்றத் தொடங்கியதும் ரேணுகா தூர் அள்ளச் சொல்லி வேலாயியைத் தேடி வந்து, கதவைத் திறந்துவிட்டாள். வேலாயி சேற்றில் இறங்கி, அல்லியைக் கிழங்கோடு பிடுங்கிக் கரையில் எறிந்தாள்.

“எல்லாத்தையுமா? என் வேல போயிரும்க்கா,” என்று அழுதாள் ரேணுகா.

வேலாயி நிமிர்ந்தாள். “வேலைக்காகச் சரின்னு சொல்லுங்கக்கான்னு அன்னைக்கே கேட்டிருந்தா, அப்பவும் சரின்னுதான் சொல்லியிருப்பேன் புள்ள.”

சொல்லிவிட்டு அடுத்த கிழங்குக்குக் குனிந்தாள்.